குரல் கொடுத்தவன் குடித்த மருந்து

சுபானு வருஷம், ஆடி மாதம் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. தென்மேற்குக் காற்று. ஏரியில் தண்ணீர் குறைவு. கொட்டகையில் ஏழு பாய்கள், ஏழு நோயாளிகள்.

கோட்டையில் காலை மணி அடித்தபோது அடுப்பில் தண்ணீர் வைத்தேன். ஏழு மரக்கிண்ணங்களையும் சாம்பல் போட்டு விளக்கி வெயிலில் கவிழ்த்தேன். மருந்துப் புத்தகத்தில் முந்தைய நாள் பக்கத்தை ஒருமுறை படித்தேன். எழுதும் இறகைச் சீவினேன். வைத்தியர் வந்ததும் அவர் சொல்லச் சொல்ல, பாய் வரிசைப்படி அன்றைய மருந்துகளை எழுதிக்கொண்டேன். பதினொரு வருடமாக என் காலை இப்படித்தான் தொடங்கியது.

இந்தக் கொட்டகை கோட்டைக்கு வெளியே, ஏரிக்கரையில் இருக்கிறது. நடத்துபவர் உலாந்தாக் (டச்சுக்காரரின்) கப்பல்களில் வேலை பார்த்து, பிறகு பழவேற்காட்டிலேயே தங்கிவிட்ட ஒரு வைத்தியர். வலைக்காரர்களும் சாயக்காரர்களும் படகில் வந்து இறங்குவார்கள். மருந்தைச் சொல்வது அவர். அளந்து கொடுப்பதும், புண் கழுவுவதும், மூச்சு எண்ணுவதும், எழுதிவைப்பதும் நான். எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு. கை நடுங்காதவன், கணக்குத் தப்பாதவன் என்று பேர்.

எனக்குப் பின் இந்தக் கிண்ணங்களைத் தூக்கப்போகிறவர்களுக்காகவும், வேறெங்கோ இதே வேலையைச் செய்கிறவர்களுக்காகவும் அந்த ஒரு நாளை எழுதிவைக்கிறேன்.

மூன்றாவது பாயில் கோவிந்தன். சுண்ணாம்புக்குளத்துப் பக்கத்து ஏரிக்கரை ஊர்க்காரன். இறால் வலை இழுக்கும்போது திருக்கை முள் குத்திப் பாதம் வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. மூன்று இரவுகள் அவன் தூங்கவில்லை. அன்று காலை பாதத்தைக் கீறிச் சீழை எடுப்பதாக வைத்தியர் சொன்னார். அதற்கு இரண்டு நாழிகை முன்னால் அபின் சாராயம் (அபினைச் சாராயத்தில் ஊறவைத்த மருந்து, வலியை மரத்துப்போகச் செய்து தூக்கம் தரும், அதிகமானால் மூச்சையும் தூங்கவைக்கும்) நாற்பது சொட்டு கொடுக்க வேண்டும்.

நான்காவது பாயில் அவன் மச்சான் செங்கேணி. கோவிந்தனின் தங்கை முனியம்மாவைக் கட்டியவன். அவனுக்கு இழுப்பு (நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கும் நோய்). இழுப்புக்காரனால் படுக்க முடியாது. வந்த ஒன்பது நாளும் அவன் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் கண்ணை மூடுவான். அவனுக்கு அன்று இஞ்சியும் மிளகும் போட்ட கஷாயம் மட்டும். அதுவும் மற்ற எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு.

முனியம்மா கொட்டகைக்கு வெளியே மூன்று கல் வைத்து அண்ணனுக்கும் கணவனுக்கும் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

நாற்பது சொட்டையும் வாய்விட்டு எண்ணினேன். வெல்லத் தண்ணீரில் கலந்தேன். தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, சிந்திவிடாமல் கிண்ணத்தையே பார்த்தபடி வரிசையில் நடந்தேன். மூன்றாவது பாயருகே நின்று, "கோவிந்தா" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன்" என்று குரல் வந்தது. ஒரு கை நீண்டது. கொடுத்தேன்.

அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "இன்னா அண்ணாத்தே, இன்னிக்கி இப்பிடிக் கசக்குது?" என்றான்.

கசக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

குடித்தவன் செங்கேணி. கோவிந்தன் விடியற்காலையில்தான் கண்ணயர்ந்து, முகம் வரை வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தான். இருவரையும் ஒன்பது நாளாக எனக்குத் தெரியும். ஒருவனைக் கண்டு இன்னொருவன் என்று நினைக்க வழியே இல்லை. கிண்ணத்தைத் திருப்பி வாங்கும்போது செங்கேணியின் முகத்தைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. இத்தனை காலம் கழித்தும் என்னை உலுக்குவது இதுதான்.

எழுத்துப் பலகைக்குப் போய் உட்கார்ந்து எழுதினேன்: "மூன்றாம் பாய். நாற்பது சொட்டு. கொடுத்தாயிற்று." அந்த வரி இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

ஒரு நாழிகை கழித்து அந்தப் பக்கம் போனேன். செங்கேணி மல்லாந்து படுத்திருந்தான். இன்று இவனுக்கு இழுப்புத் தணிந்திருக்கிறது என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு, வெந்நீர் எடுக்கப் போனேன். ஒன்பது நாளாகப் படுக்க முடியாதவன் ஏன் படுத்திருக்கிறான் என்று கேட்டிருக்க வேண்டும். நல்ல செய்தி போலத் தெரிந்ததால் கேட்கவில்லை.

இரண்டு நாழிகை ஆனதும் வைத்தியர் கத்தியோடு வந்தார். கோவிந்தனை எழுப்பினோம். படகுக்காரர் ஒருவர் காலைப் பிடித்தார், நான் தோளைப் பிடித்தேன். மருந்து ஆயிற்றா என்று வைத்தியர் கேட்டார். ஆயிற்று என்றேன். கோவிந்தன் என்னை அண்ணாந்து பார்த்தான்.

கத்தி பட்டதும் அவன் போட்ட சத்தத்தில் வெளியே முனியம்மா கஞ்சிச் சட்டியைப் போட்டு உடைத்துவிட்டாள்.

வைத்தியர் கையை நிறுத்தினார். கோவிந்தனின் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். அபின் குடித்தவனுக்குக் கண்ணின் கருமணி கடுகளவாகச் சுருங்கியிருக்க வேண்டும். இவனுக்கு அகல விரிந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். முப்பது வருடம் இங்கே இருந்தும் அவர் தமிழ் ஓலையில் படித்த தமிழ்தான்.

"நீ கொடுத்தாய்?"

நான் பதில் சொல்வதற்குள் மூன்று நான்கு மூச்சு நேரம் போயிருக்கும். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்க மாட்டேன். கொடுத்தேன், இவனுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். பார்த்தவர் யாரும் இல்லை. புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. புத்தகத்தை யாரும் சந்தேகித்ததில்லை.

"கொடுத்தேன், துரை. இவனுக்குக் கொடுக்கவில்லை" என்றேன். அந்த வாக்கியத்தின் பாதியில்தான் யாருக்குக் கொடுத்தேன் என்று எனக்கே தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். செங்கேணி படுத்தது படுத்தபடியே கிடந்தான். அவன் உதடு நீலச் சாயத் தொட்டியில் முக்கியெடுத்த நூலின் நிறத்தில் இருந்தது.

வைத்தியரிடம் கப்பலின் ஓட்டத்தை அளக்க வைத்திருந்த சின்ன மணல் கண்ணாடி ஒன்று உண்டு. அந்த மணல் தீர்வதற்குள் நல்ல மனிதன் எட்டு ஒன்பது மூச்சு விடுவான். இழுப்புக்காரன் பதினைந்துகூட விடுவான். கண்ணாடியைக் கவிழ்த்துச் செங்கேணியின் நெஞ்சில் கை வைத்து எண்ணினேன். இரண்டு. மீண்டும் கவிழ்த்தேன். இரண்டு.

கோவிந்தனின் பாதம் பாதி திறந்திருந்தது. அப்படியே விட முடியாது. வைத்தியர் மருந்து இல்லாமலே வேலையை முடித்தார். அவன் துணியைக் கடித்துக்கொண்டு தங்கையின் பேரைச் சொல்லிக் கத்தினான். அந்த வலிக்கு மருந்து இருந்தது. அளந்து, கலந்து, எடுத்தும் வந்திருந்தேன். அது மூன்று முழம் தள்ளிக் கிடந்த இன்னொருவன் வயிற்றில் இருந்தது. ஒரு பிழைக்கு இரண்டு உடல்கள் பட்டன.

முனியம்மா உள்ளே வந்து நின்றாள். அவளிடம் நானே சொன்னேன். அண்ணனுக்கு வைத்த மருந்தை உன் கணவனுக்குக் கொடுத்துவிட்டேன், அது மூச்சை அடக்கும், தூங்கவிட்டால் எழுந்திருக்க மாட்டான் என்றேன். வேறு வார்த்தைகளைத் தேடினேன். கிடைக்கவில்லை.

அவள் அழவில்லை. அதுவரை என்னிடம் மரியாதையாக நீங்க என்றுதான் பேசுவாள்.

"இப்ப இன்னா செய்யணும்னு சொல்லு. உன்னாண்ட கேக்கவேண்டியத அப்பறம் கேட்டுக்கறேன்" என்றாள்.

செங்கேணியை உட்காரவைத்து உப்புத்தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைத்தோம். பாதிக்கு மேல் உடம்பில் சேர்ந்துவிட்டிருக்கும் என்றார் வைத்தியர். தமக்கென்று வைத்திருந்த காப்பிக்கொட்டையை இடித்துக் கறுப்பாகக் காய்ச்சிக் கொடுத்தார். அதன்பின் அவர் சொன்னது ஒன்றுதான்: நடக்கவையுங்கள், நிற்கவிடாதீர்கள், பேசவையுங்கள்.

ஏரிக்கரையில் நடந்தோம். ஒரு தோளில் நான், மறு தோளில் முனியம்மா. கொட்டகையிலிருந்து படகுகள் கட்டும் முளை வரை போவது, திரும்புவது. தண்ணீர் வற்றிய இடத்தில் சேறு வெடித்துக் கிடந்தது. அவன் கால்கள் அதில் கோடு போட்டுக்கொண்டு வந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் அவனை நிறுத்தி, முகத்தில் தண்ணீர் அடித்து, மூச்சை எண்ணினேன். மூன்று. மூன்று. இரண்டு. நான்கு.

அவனைப் பேசவைக்க அவன் பேரைக் கேட்டேன். பதில் இல்லை. "செங்கேணி" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அவனைச் சீண்டிப் பார்க்கலாம் என்று முனியம்மா, "யோவ், கோவிந்தன் எங்கய்யா?" என்று காதில் கத்தினாள்.

"இருக்கேன்" என்றான், கண்ணைத் திறக்காமல்.

முனியம்மா நடையை நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

ஏரியில் வலை போடும் இடத்துக்குப் பாடு என்று பேர். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் முறை உண்டு. அந்தந்த நாள் விடியலில் கரையில் நின்று பேர் கூப்பிடுவார்கள். பேருக்குக் குரல் வராவிட்டால் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். வீட்டில் காய்ச்சல் என்றாலும் சாவு என்றாலும் முறை நிற்காது. அதனால் ஒருவன் வர முடியாதபோது அவன் அண்ணனோ மச்சானோ அவன் பேருக்கு "இருக்கேன்" என்று குரல் கொடுப்பான். கூப்பிடுகிறவருக்கும் அது தெரியும். குரல் வந்தால் ஆள் வந்ததுபோலத்தான். அதில் பொய் எதுவும் இல்லை. உறவு என்பதே அதற்காகத்தான்.

செங்கேணி பத்து வருடமாகக் கோவிந்தனுக்குக் குரல் கொடுத்தவன். அரைத்தூக்கத்தில் அந்தப் பேர் காதில் விழுந்ததும் பழக்கத்தில் குரல் கொடுத்து, வந்த கிண்ணத்தைத் தன் கஷாயம் என்று குடித்துவிட்டான். நானும் வலைக்கார வீட்டில் பிறந்தவன். பதினேழு வயதில் என் அண்ணனுக்காக அதே கரையில் எத்தனையோ விடியலில் குரல் கொடுத்திருக்கிறேன். கோவிந்தா என்று கூப்பிட்டேன், இருக்கேன் என்று வந்தது. அத்தோடு என் காது திருப்தியடைந்துவிட்டது. கண் பார்த்ததை அது உள்ளே விடவில்லை.

பாடு முறைக்கு ஆள் மாறலாம். வலை விழும், மீன் வரும், ஏரிக்கு வித்தியாசம் தெரியாது. உடம்புக்குத் தெரியும். அதை நான் நாற்பத்தாறு வயதில், அந்தச் சேற்றில், இன்னொருவன் மூச்சை எண்ணிக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் முனியம்மா வாயைத் திறந்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"ஒருத்தன் வலை இன்னொருத்தன்து கூட மாறிடக்கூடாதுன்னு வூட்டுக்கு வூடு மிதவைல குறி போட்டு வெச்சிக்கிறோம். நீ ஏழு பேர படுக்க வெச்சிக்கினு ஏழு பேருக்கும் ஒரே மாதிரி கிண்ணத்துல குடுக்கற. மனுசனுக்கு ஒரு குறி வோணாவா?"

அடுத்த திருப்பத்தில் மூச்சு ஐந்து வந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஆறு. செங்கேணி கண்ணைத் திறந்து, தன் மனைவியைப் பார்த்து, "இன்னாத்துக்குடி இப்பிடி இஸ்துக்கினு போற, நான் இன்னா படகா?" என்றான். அவள் அப்போதுதான் அழுதாள்.

அவனைத் தூணில் சாய்த்து உட்காரவைத்தோம். இழுப்பு திரும்பி வந்திருந்தது. அந்த இரைச்சலை அவ்வளவு ஆவலோடு நான் கேட்டதில்லை.

புத்தகத்தை எடுத்தேன். காலையில் எழுதிய வரியை அடித்துவிட இறகைத் தொட்டபோது வைத்தியர் என் கையைப் பிடித்தார்.

"அடிக்காதே. கீழே எழுது" என்றார்.

கப்பலில் ஒருமுறை தாம் ரசம் (பாதரசத்திலிருந்து செய்யும் மருந்து) இரண்டு முறை கொடுத்து ஒரு மாலுமி இறந்ததையும், அதைக் காய்ச்சல் என்று எழுதிவைத்ததையும் சொன்னார். விளக்கைத் தூண்டிவிட்டுப் போனார். நான் கீழே எழுதினேன்: "மேலே உள்ளது தவறு. குடித்தவன் நான்காம் பாய் செங்கேணி. கொடுத்தவன் நான்." முத்து முத்தாக இல்லை.

கோவிந்தன் விழித்திருந்தான். மருந்து குடிக்கவில்லை என்று ஏன் சொல்லவில்லை என்று அவனிடம் கேட்டேன். கேட்கத் தகுதியில்லாத கேள்விதான்.

"நீ ஆச்சுன்னு சொன்னே. தூக்கத்துல குடிச்சிருப்பேன்னு நெனச்சேன். புத்தகம் வெச்சிக்கிறவன் தப்பாச் சொல்லுவானா?" என்றான்.

அதன் பிறகான நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் பிழை செய்தவர்கள் அதைப் பற்றித்தான் கேட்க விரும்புவார்கள். சொட்டு எண்ணும்போது பன்னிரண்டுக்கு மேல் எண்ணிக்கை தொலைந்துபோகும், ஊற்றிவிட்டு மறுபடி தொடங்குவேன். சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது "இருக்கேன்" என்ற குரல் கேட்கும். ஒரு முறை பக்கத்து ஊரான திருப்பாலைவனத்துக்குப் போகும் வழியில் பாதியிலேயே திரும்பி வந்தேன், காலையில் யாருக்கு எதைக் கொடுத்தேன் என்று பார்க்க. சரியாகத்தான் கொடுத்திருந்தேன்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று வைத்தியரிடம் இரண்டு முறை சொன்னேன். முதல் முறை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை, பிழையே செய்யாதவன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போ என்றார்.

கோவிந்தன் நடக்கிறான், சற்றுச் சாய்ந்து. கீறும்போது அவன் துள்ளாமல் இருந்திருந்தால் கால் நேராக ஆறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. வைத்தியருக்கும் தெரியாது. தெரியாத அந்த இடத்தை நான் அப்படியே வைத்திருக்கிறேன். நிரப்பவில்லை. பின்னால் வந்த ஒரு மழைக்காலத்தில் செங்கேணி இழுப்பிலேயே போய்ச் சேர்ந்தான். அதற்கும் அபினுக்கும் தொடர்பில்லை என்றார் வைத்தியர். முனியம்மா எனக்குச் சாவுச் செய்தி சொல்லி அனுப்பினாள். போனேன். அன்று கேட்பதாகச் சொன்னதை அவள் கேட்கவே இல்லை.

நோயாளி "இன்னிக்கி கசக்குது" என்றால் இப்போது நான் நின்றுவிடுவேன். அவன் நாக்கு என் புத்தகத்தைவிட நன்றாகப் படிக்கிறது. நோயாளிக்குத் திடீரென்று நோய் தணிந்ததுபோல் தெரிந்தாலும் நிற்பேன்.

கோட்டை மணியை நான் முன்போல் நம்புவதில்லை. இரண்டு மணியோசைகளுக்கு நடுவே ஒரு மனிதன் எத்தனை மூச்சு விடுகிறான் என்பது ஆளுக்கு ஆள் வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் என் கை என் நெஞ்சுக்குப் போய்விடுகிறது. அது ஏறி இறங்குவதை இவ்வளவு காலம் யாருடைய உத்தரவாதத்தில் விட்டுவைத்திருந்தேன் என்று ஆச்சரியமாக இருக்கும்.

அந்த ஆடி ஒன்பதாம் தேதி இரவு முழுக்க முனியம்மாவும் நானும் மாறி மாறி எண்ணினோம்.

ஆடி பத்து, வியாழக்கிழமை. கோட்டை மணி அடிக்கும் முன்பே படகு முளைக்குப் போனேன். அவர்கள் வந்த படகில் கிடந்த வலைகளிலிருந்து இரண்டு மிதவைக் கட்டைகளை முனியம்மா அவிழ்த்துக் கொடுத்தாள். கோவிந்தன் வீட்டுக் கட்டையில் இரண்டு கோடு. செங்கேணி வீட்டுக் கட்டையில் ஒரு வட்டம். ஆளுக்கொன்றாக மணிக்கட்டில் கட்டினேன். கம்பியைச் சுட்டு அதே குறிகளை இரண்டு கிண்ணங்களின் அடியிலும் இட்டேன்.

இரண்டு கோட்டுக் கிண்ணத்தில் காய்ச்சல் கஷாயத்தை ஊற்றிக்கொண்டு மூன்றாவது பாய்க்குப் போனேன். பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டையைக் கிண்ணத்தோடு சேர்த்துப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தேன்.

"நீ யாரு?" என்றேன்.

"நேத்து கத்துனவன்" என்றான் கோவிந்தன். நான் கிண்ணத்தை நீட்டவில்லை. அவன் தன் பேரைச் சொன்னான்.

பக்கத்துப் பாயில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த செங்கேணி, இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தான்.